ஒரு மதிப்பெண் குறைந்தது எப்படி?

திங்கட்கிழமை, காலை 9.10. ராஜபாளையம்.

ஆசிரியர் அறையில் தன் மேசை இழுப்பறையை மூன்றாவது முறையாகக் குடைந்தாள் ஆங்கில ஆசிரியை பிரிஸ்கில்லா. காணோம். ஏழாம் வகுப்பு டிக்டேஷனுக்காக அவள் கைப்பட எழுதிய இருபது சொற்களின் பட்டியல் போன இடம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வை நடத்தியது அதன் நகலை வைத்துத்தான்.

"எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள் துணைத் தலைமையாசிரியை கல்பனா. "சனா. போன ரெண்டு டெஸ்ட்ல நாலு, அஞ்சு. இந்தத் தடவை இருபதுக்குப் பத்தொம்போது. வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டுகளைக் கொண்டாந்து இந்த மேசையில வச்சதும் அவதான். மூணு மணிக்கு அவ அத்தா வாராரு. டி.சி.யைக் கையில குடுத்துருவோம்."

பிரிஸ்கில்லா இழுப்பறையை மூடினாள். தான் திருத்திய ஒரு தாள் ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்தப் பார்க்கிறது.

"அதுவரைக்கும் எனக்கு டைம் குடுங்க மேடம்."

11.20. சனாவின் தாளை எடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு தப்பு. அவள் வாசித்த சொல் bat. சனா எழுதியிருந்தது mat.

12.40. காலி வகுப்பறை. சனா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பட்டியலைப் பாத்தியா?"

"இல்ல மிஸ். சத்தியமா."

"முந்தின டெஸ்ட்ல ஏன் மார்க் இல்ல?"

"அது ஸ்பீக்கர்ல போட்டது மிஸ். வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லன்னு நீங்களே வாசிச்சீங்க."

பிரிஸ்கில்லா கரும்பலகை பக்கம் திரும்பி, அதை அழித்துக்கொண்டே கேட்டாள். "சாப்பிட்டியா?"

பதில் இல்லை.

1.05. ஆசிரியர் அறை மூலையில் நின்ற ஜெராக்ஸ் மெஷின் மேல் 'பழுது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை ஒட்டியது. அவள் மூடியைத் தூக்கினாள்.

3.00. கல்பனாவின் அறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சனாவின் அப்பா சேக் முகைதீன் உட்காராமல் நின்றார். பக்கத்தில் அழுது சிவந்த முகத்துடன் சனா.

"பட்டியலைத் திருடிப் படிச்சவ bat-ஐ mat-னு எழுதுவாளா மேடம்?" என்று ஆரம்பித்தாள் பிரிஸ்கில்லா. "ரெண்டையும் சொல்லிப் பாருங்க. உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்."

அவள் சனாவின் கையில் பேனாவைக் கொடுத்தாள். குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்து ஐந்து சொற்கள் சொன்னாள். சனா எழுதினாள். நான்கு சரி.

"இந்தப் பிள்ளைக்குக் காது சரியாக் கேக்கல. என் வாயைப் பாத்து எழுதியிருக்கு. ஸ்பீக்கருக்கு ஏது வாய்?"

கல்பனா விடவில்லை. "அப்போ பட்டியல் எங்கே?"

"குற்றவாளி நான்தான்." பிரிஸ்கில்லா காணாமல் போன பட்டியலை மேசைமேல் வைத்தாள். "வியாழக்கிழமை நகல் எடுத்ததும் பேப்பர் சிக்கி மெஷின் நின்னுபோச்சு. நகலை மட்டும் எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். அசல் மூடிக்குள்ளேயே கிடந்துச்சு."

சேக் முகைதீன் நெற்றியில் கை வைத்தார். "மூணு மாசம் முன்னால சளிக் காய்ச்சல் வந்துச்சு. அதுலேருந்து கூப்பிட்டா திரும்பமாட்டேங்கா. திமிருன்னு வஞ்சேனே!"

"காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன் அத்தா," என்றாள் சனா.

கல்பனா டி.சி.யை இரண்டாகக் கிழித்தாள். எழுந்து வந்து, சனா தன் முகத்தைப் பார்க்கும்படி குனிந்து, மன்னிப்புக் கேட்டாள்.

சனாவின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, மருந்திலேயே சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். மருந்து தொடங்கிய பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அப்பாவையும் மகளையும் பிரிஸ்கில்லா பார்த்தாள். மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது. சனா துள்ளிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏன் அத்தா, பஸ்ஸு இம்புட்டுச் சத்தமாவா கத்தும்?"

சேக் முகைதீன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.