பதினோரு படங்களுக்கு அடியில் ஒரு குரல்

பேருந்து ஓட்டுநர் கடைக்குள் நுழைந்தபோது, ஒரு குறுந்தகட்டைப் பச்சைக் குழந்தையைப் போல இரு கைகளாலும் ஏந்தியிருந்தார். வேலைச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை.

அது கணினி பழுதுபார்க்கும் கடை. அதை நடத்தியவளைத் தெருவே ‘நிதானம்’ என்றுதான் கூப்பிட்டது. கூரை பற்றி எரிந்தாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பாள் என்பார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரி அதற்கு நேர் எதிர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்ததுமே பாதி தைத்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“என் சம்சாரத்தோட குரல் இதுல இருந்துச்சு. இப்ப இல்ல,” என்றார் அவர்.

சென்ற ஆண்டு அவர் மனைவிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் திரும்பாது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அறுவைக்கு முன் மனைவி பன்னிரண்டு கதைகள் சொல்ல, கணவர் அவற்றைக் கணினியில் பதிந்து இந்தத் தகட்டில் எழுதி வைத்தார். அப்புறம் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய், புதியது மாற்ற வேண்டியதாயிற்று. மிஞ்சியது இது ஒன்றுதான்.

“முந்தாநேத்து பாப்பா, அம்மா கதை கேக்கணும்னா. தட்டைப் போட்டா, பதினோரு போட்டோதான் வருது. எல்லாம் என் தம்பி எடுத்த போட்டோ. கேட்டா, ‘நான்தாண்ணே, பழசை அழிச்சிட்டு இதைப் போட்டேன்’னு தலையைக் குனிஞ்சுக்கிறான். இனி என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அன்னைலேருந்து என் சம்சாரம் ஒரு வாய் சாப்பிடல.”

“கூட இருந்தே குழி பறிச்சிருக்கானே!” என்று பொங்கினாள் தையல்காரி.

நிதானம் தகட்டின் மேல் அச்சிட்டிருந்த பொடி எழுத்துகளைப் படித்தாள். பிறகு அதைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நடுவிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு அடர்ந்த வளையம். அதை ஒட்டி, நூல் கனத்தில் இன்னொன்று.

“தம்பிக்குக் கம்ப்யூட்டர் பழக்கமா?”

“அவன் லிஃப்ட் மெக்கானிக்குங்க. கம்ப்யூட்டர்னா காத தூரம் ஓடுவான்.”

தகட்டைத் தன் கணினியில் போட்டாள். ஊர் பேர் தெரியாத பலர் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று திறந்தே வைத்த இலவச மென்பொருள் அதில் ஓடியது. படங்கள் எழுதப்பட்ட நாளும் நேரமும் திரையில் வந்தன: போன செவ்வாய், காலை பத்தேகால்.

“போன செவ்வாய்க்கிழமை காலையில பாப்பா எங்க இருந்தா?”

“பல் டாக்டர்கிட்ட. சித்தப்பாதான் கூட்டிட்டுப் போனான். நான் வண்டியில. ஏன் கேக்கறீங்க?”

“சாயங்காலம் குடும்பத்தோட வாங்க. தம்பியும் கண்டிப்பா வரணும்.”

அவர் போனதும் தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அக்கா, அவன்தான் ஒத்துக்கிட்டானே. இன்னும் என்ன துப்பு வேணும்?”

“அவன் ஒத்துக்கிட்டதுதான் துப்பு,” என்றாள் நிதானம்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். தம்பி கதவோரமாகவே நின்றான். ஓட்டுநரின் மனைவி, பேச வேண்டியதை எழுதிக் காட்டும் சின்னக் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்தாள்.

“அழிச்சேன்னு சொன்னீங்களே, எப்படி அழிச்சீங்க?” என்று தம்பியிடம் கேட்டாள் நிதானம்.

“பட்டனை... அமுக்கினேன்.”

“இது ஒரு தடவைதான் எழுதற தட்டு. லேசர் சுட்ட இடம் சுட்டதுதான். இதை உடைக்கலாம், கீறலாம். அழிக்க முடியாது. அதுவும் இல்லாம, இதை எழுதின நேரத்துல நீங்க பல் டாக்டர் வாசல்ல உக்காந்திருந்தீங்க. செய்யாத தப்பை ஒருத்தர் ஏன் தலையில போட்டுக்கணும்? செஞ்சவங்களைக் காப்பாத்தத்தான்.”

ஓட்டுநர் விழித்தார். அன்று அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது யார் என்பது தையல்காரிக்கு அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. அதற்குள் அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதி, கணவரின் முன் நீட்டினாள்.

‘நான்தான். கதையோட பாப்பா போட்டோவும் சேரட்டும்னு போட்டேன். கதை காணாமப் போச்சு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு பயந்தேன்.’

“அண்ணி எங்கிட்ட எழுதிக் காட்டி அழுதாங்க,” என்றான் தம்பி தரையைப் பார்த்தபடி. “பேசற வாயே இல்லாதவங்க திட்டு வாங்கணுமா? நான் வாங்கினா என்ன, ரெண்டு நாள்ல மறந்துடுவேன்.”

ஓட்டுநர் குறிப்பேட்டை வாங்கி மறுபடியும் படித்தார்.

“இன்னும் முடியல,” என்றாள் நிதானம். “பதினோரு போட்டோவுக்கு அந்த நூல் வளையம் போதும். அப்ப ரெண்டு விரல் அகலத்துக்கு உள்ளே இருக்கறது என்ன? ஒவ்வொரு தடவை எழுதறப்பவும் தட்டுல ஒரு பொருளடக்கம் ஏறும். கம்ப்யூட்டர் கடைசிப் பொருளடக்கத்தை மட்டும்தான் படிக்கும். பழசையும் சேர்த்துக்கன்னு இவங்க சொல்லல, அவ்வளவுதான். கதை எங்கேயும் போகல.”

முதல் பதிவைத் திறக்கச் சொல்லி ஒரு வரி தட்டினாள். பன்னிரண்டு பெயர்கள் வரிசையாக விழுந்தன.

“யாரோ முகம் தெரியாதவங்க, இப்படி ஒருத்தருக்கு என்னைக்காவது தேவைப்படும்னு இந்த வழியை எழுதி வச்சிருக்காங்க. அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்,” என்றபடி முதல் பெயரை அழுத்தினாள்.

“ஒரு காட்டுல ஒரு குட்டி யானை இருந்துச்சாம்...” தெளிவான, கொஞ்சம் குறும்பான குரல். குழந்தை ஓடிப்போய் ஒலிபெருக்கியில் காதை வைத்துக்கொண்டது. “அந்த யானைக்குத் தண்ணின்னா... ஏங்க! குழாயை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இங்க ஒரு மனுஷி பேசிட்டிருக்கேன்ல!”

தையல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தாள். ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அவன் கையை விடாமல் நிதானத்தைப் பார்த்தார்.

“கதை அப்புறம் கேக்கலாங்க,” என்றார். “அந்தத் திட்டை மட்டும் இன்னொரு தடவை போடுங்க.”