இரவல் நாடி

வேலைக்கு உட்காருமுன் எதிர் வீட்டு மணியை அடிப்பது நாச்சியாரின் வழக்கம். விரலை எடுப்பதற்குள் கதவு திறந்துவிடும். டெய்சி அக்கா வீட்டுக்குள் அல்ல, கதவுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறாள் என்று பதினொன்றாம் மாடியில் ஒரு பேச்சு உண்டு. பொய்யென்று சொல்வதற்கில்லை. பார்சல் ட்ரோன் யாருக்கு என்ன கொண்டுவருகிறது என்பது அவளுக்குத் தெரிந்த பிறகுதான் வாங்கியவர்களுக்கே தெரியும்.

"இன்னைக்கு என்னடி, சண்டையா, பேயா?" என்றபடி அக்கா கூடவே வந்து நாச்சியார் வீட்டுச் சோபாவில் அமர்ந்து கையை நீட்டினாள்.

"பேய்க்கா. மலை மேல ஒரு பங்களா."

"போன வாரம் மீன் புடிக்க விட்டியே, அதுக்கே படபடன்னு வந்துச்சு. பேயின்னா நான் செத்தேன் போ."

நாச்சியார் தன் மெய்வளையைக் கழற்றி அக்காவின் மணிக்கட்டில் மாட்டினாள். பிறகு தேநீர் வைத்தாள். அதற்குப் பிறகுதான் விளையாட்டைத் தொடங்கினாள்.

வீடியோ கேம் விமர்சனத்தில் சொல்லை யாரும் நம்பாத காலம் அது. இயந்திரங்கள் புகழுரைகளை மூட்டை மூட்டையாக எழுதிக் குவித்ததில் வாசகர்கள் சலித்துப்போய், வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று முடிவுகட்டிவிட்டார்கள். விமர்சகரின் நாடியையும் வியர்வையையும் மயிர்க்கூச்சையும் மெய்வளை அளந்து, பத்துக்கு இத்தனை என்று தானே தீர்ப்பை வெளியிட்டுவிடும். கட்டுரை என்பது பொங்கலில் முந்திரி மாதிரி, கிடைத்தால் சரி. ஆள் மாறினால் காட்டிக்கொடுக்கும் வளையும் சந்தையில் இருந்தது. நாச்சியாரின் பத்திரிகை சிக்கனம் பார்த்து அதை வாங்கவில்லை.

வருடக்கணக்காக விளையாடியதில் நாச்சியாருக்கு உடம்பு மரத்துப்போயிருந்தது. பேய் குதித்தாலும் சரி, கிரகம் வெடித்தாலும் சரி, இரண்டுக்கு மேல் ஏறவில்லை. "உங்க மேல தப்பில்ல மேடம். ஆனா இப்படியே போனா நான் வேற ஆள்தான் பாக்கணும்" என்றார் ஆசிரியர் நெடுஞ்செழியன், மிக அன்பாக. அவளுக்கு வேறு தொழில் தெரியாது. அப்போதுதான் எதிர் வீட்டுக் கை கண்ணில் பட்டது.

அக்காவின் கை ராசியான கை. பந்தயத்துக்கு எட்டு, புதிருக்கு எட்டரை, கத்திரிக்காய் பயிரிடும் விளையாட்டுக்கு ஒன்பது. நாச்சியாரின் ரசனை திரும்பி வந்துவிட்டதென்று வாசகர்கள் மகிழ்ந்தார்கள். அக்காவோ பேய் பங்களாவில், "இத்தனை ரூமுக்கு ஒரே பாத்ரூமா?" என்று பேயை மறந்து அதிர்ந்தாள். அதற்கும் எட்டே முக்கால்.

அந்த ஆண்டின் பெரிய விளையாட்டான 'கடல் கோட்டை' வந்த அன்று நாச்சியாருக்குக் காய்ச்சல். "ஒட்டிக்கும்கா, உங்க வீட்லயே விளையாடிடுங்க" என்று வளையையும் விளையாட்டுப் பெட்டியையும் வாசலிலேயே கொடுத்தனுப்பினாள்.

வந்த தீர்ப்பு: ஒன்று புள்ளி மூன்று.

"ஊரே கொண்டாடுது மேடம்!" நெடுஞ்செழியன் போனில் அலறினார். "கத்திரிக்காய்க்கு ஒம்பது, கடல் கோட்டைக்கு ஒண்ணா? காலைல எனக்கு விளக்கம் வேணும். இல்லன்னா கணக்க முடிச்சுக்கலாம்."

விளக்கம் தேடி நாச்சியார் பழைய நாடிக்கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் உச்சி ஒரே இடத்தில் இருந்தது: விளையாட்டு தொடங்கும் முன்பு, தேநீர் வந்த நேரத்தில். "போதும்கா, முடிச்சுக்கலாம்" என்றதும் கோடு சரிந்தது. கடல் கோட்டையில், கப்பல்கள் எரிந்தபோதும், கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு சின்ன மேடு. அது நாச்சியார் மருந்து வாங்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து இறங்கிய நேரம்.

அக்கா பெட்டியோடு திருப்பித் தந்திருந்த வளையை அவள் மாட்டிக்கொண்டது பழக்கத்தில்தான். போய் மணியை அடித்தாள்.

"காய்ச்சல்னியே?" அக்கா அவள் கையைப் பார்த்தாள். "பொட்டி எங்க?"

"பொட்டி இல்லக்கா. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" என்று அக்கா கதவை அகலத் திறந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப உக்காரு. ஒம்பதாம் மாடி பல் டாக்டருக்கு ட்ரோன்ல கல்யாண மாலை ரெண்டு வந்துருக்கு. அந்தாளுக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கா!" என்றாள்.

மாலை வந்தது டாக்டர் வீட்டு நாய்க் கல்யாணத்துக்கு என்று கதை முடிந்தபோது, நாச்சியார் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் மாடிப் பாதையில் நின்று போனை எடுத்தாள்.

"மேடம், நேத்து உங்க வளையில ஒம்பதே முக்கால்! கேம் பேரு பதிவாகல. எந்தக் கம்பெனி விட்டது?"

"வெளிய கிடைக்காது சார்" என்றாள் நாச்சியார். "இன்னொண்ணும் சொல்லணும். இத்தன நாள் வந்த மார்க் எதுவும் என்னோடது இல்ல. இது மட்டும்தான் என்னோடது."

மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

நாச்சியார் மணியை அடிக்கவில்லை. அதற்குள் எதிர்க் கதவு திறந்திருந்தது.

"வேலையைப் புடுங்கிட்டானா அவன்?" என்றாள் டெய்சி அக்கா. "உள்ள வா. வந்து முதல்லேருந்து சொல்லு. பாதிதான் கேட்டுச்சு."