எல்லைக்கல்லுக்குக் கொடுத்த பிள்ளை

காலையில் ஒற்றைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போன பிள்ளை, மதியம் இரட்டைப் பின்னலோடு வந்து நின்றாள்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த யுவே, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். நூல் பிடித்தது போல நேர் வகிடு, ஒரு முடி பிசிறாத பின்னல், கிட்டே போனால் மழைக்காலக் கிணற்றடியில் வருகிற ஈரப் பாசி வாடை.

"யாருடி பின்னிவிட்டா?"

"அம்மா."

"நான் இங்கல்ல நிக்கிறேன்?"

"நீ இல்ல," என்றாள் ஆறு வயது தாலன். "கரும்புக்குள்ள இருக்கிற அம்மா."

வீட்டுக்குப் பின்னால் கரும்புக்குள் இருந்தது பழைய எல்லைக்கல். சீன ராஜாவின் ஆட்களும் அப்போது வியட்நாமை ஆண்ட பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து நட்டது. ஒரு முகத்தில் சீன எழுத்து, மறு முகத்தில் பிரெஞ்சு எழுத்து. இந்தப் பக்கம் சீனாவின் குவாங்சி, அந்தப் பக்கம் வியட்நாம். மலையோரம் புது எல்லைத் தூண்கள் வந்த பிறகு அரசாங்கம் அதைச் சீந்துவதில்லை. ஊர்தான் விடவில்லை. நோஞ்சான் பிள்ளைகளை மரத்துக்கோ கல்லுக்கோ தத்துக் கொடுத்தால் உயிர் தங்கும் என்பது அங்கே வாழும் ஜுவாங் மக்களின் வழக்கம்.

இரண்டு வயதில் தாலன் ஜன்னி கண்டு கிடந்தபோது யுவேதான் அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு தேசத்தையே தாண்டவிடாமல் நிறுத்துகிற கல், ஒரு பிள்ளையின் உயிரையா தாண்டவிடும் என்று நினைத்தாள். ஒரே சிவப்பு நூலை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கல்லிலும் ஒன்றைப் பிள்ளையின் மணிக்கட்டிலும் கட்டினாள். பன்னிரண்டு வயதில் சேவல் அறுத்து, கல்லிடம் கேட்டுப் பிள்ளையை மீட்க வேண்டும். அதுவரை நூலில் கை வைக்கக் கூடாது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பத்து மாதம் சுமந்தது இவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் கண் விழித்துக் கிடந்தது இவள், பேர் வாங்கியது மட்டும் கல். அதை நினைத்தாலே பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

வாசலில் அவள் புருஷன் கோங் கரும்பு லாரிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"பின்னல் யாரு போட்டதுன்னு கேளுங்க உங்க மககிட்ட."

"டீச்சர் போட்டிருப்பாங்க."

"கல்லு போட்டுச்சாம்."

கோங் சிரித்தான். "போடட்டுமே, உனக்கு ஒரு வேலை மிச்சம். கல்லோட போயி சக்களத்திச் சண்டை போடுவியா?"

"என்னை அவ அம்மான்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"பன்னெண்டு வயசுல மீட்டுக்கலாம். இன்னும் ஆறு வருஷம்தானே, பொறுத்துக்க."

லாரி ஆலைக்குப் போய்விட்டது. ஆறு வருஷமாம். இவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். யுவே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். பிள்ளையின் கையை இழுத்து மடியில் வைத்து நூலை வெட்டினாள். தாலன் அழவில்லை. ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"இனிமே நான்தான் அம்மா. நான் மட்டுந்தான்."

பிள்ளையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தாள். வெளியே மூடுபனி இறங்கி, நடுப்பகலிலேயே அறை மங்கியது. காற்றில்லை. ஆனாலும் கரும்புத் தோகை உரசுகிற சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு வேலியோரம், அப்புறம் ஈர மண்ணில் கனமான எதையோ நகர்த்தி நகர்த்தி வைப்பது போல ஒரு சத்தம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டே. கண்ணை மூடிக்கொண்டாள். கனவென்று நினைத்தாள்.

விழித்தபோது கை வெறுமையாக இருந்தது.

கட்டிலின் நடுவே கல் நின்றது. பலகை தாழ்ந்திருந்தது. பாயெல்லாம் சேறு. இவளைப் பார்த்த முகத்தில் சீன எழுத்து.

அந்தப் பக்கம், கல்லில் சாய்ந்தபடி பிள்ளை.

"தாலன், இங்க வாடி."

"முடியாது."

"ஏன்?"

"நீதான நூலை வெட்டின."

பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இழுத்தது. இரண்டு வயதில் இழுத்த அதே இழுப்பு. யுவே கல்லைத் தாண்டிக் கையை நீட்டினாள்.

வலிக்கவில்லை. குளிர்ந்தது. விரல்கள் மடங்கவில்லை. நகம் சாம்பல் நிறமானது. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. தோலில் பாசி.

தாலன் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு சீரானது.

"அம்மா," என்றாள்.

இவளைத்தான்.

கையை எடுக்கலாம். இப்போது எடுத்தால் தோள் மிஞ்சும். கல்லைப் பார்த்தாள். பிள்ளை இப்போது அதில் சாய்ந்திருக்கவில்லை. அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

யுவே மறு கையையும் நீட்டினாள். பிறகு முகத்தை.