சேறு படாத நங்கூரம்

அர்த்தனாரி உதவி கேட்டு யார் வீட்டுப் படியும் ஏறியவர் அல்ல. திண்ணனூர் நாட்டு மலைக்கிராமங்களில் ஒரு வழக்கு என்றால் ஆட்கள் அவர் வீட்டைத் தேடி வருவதுதான் வழக்கம். அதனால், சாக்கில் சுற்றிய பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு செம்மேட்டில் அமலோற்பவத்தின் வாசலில் நின்றபோது, கடைவீதியில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அமலோற்பவம் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைக் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். உள்ளே கிராம நிர்வாக அலுவலர் விஷ்ணு டீ குடித்துக்கொண்டிருந்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்; அந்த அம்மாள் எந்த விவகாரத்தைக் கையில் எடுத்தாலும் கூடவே கிளம்பிவிடுவார்.

அர்த்தனாரி சாக்கைத் தரையில் இறக்கினார். உள்ளே ஒரு நங்கூரமும் அதில் கட்டிய நீல நைலான் கயிறும் இருந்தன.

"இன்னைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன்ல என் தம்பி காளியண்ணன் பேரை எழுதிக் குடுக்கப் போறேனுங்க, அம்மணி. குடுத்துட்டா அவன் ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் அதோட முடிஞ்சுது. அதுக்கு முன்னால, நான் நெனைக்கறது சரின்னு வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தரு வாயால கேட்டுக்கோணும்."

"சரின்னு சொல்ல ஆள் வேணுமா, என்ன நடந்ததுன்னு பார்க்க ஆள் வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார் அர்த்தனாரி.

அமலோற்பவம் நாற்காலியைக் காட்டினார்.

நடந்தது இதுதான். அர்த்தனாரியின் நிலத்தில் ஓர் ஏரி. ஊருக்கு வரும் பயணிகள் தங்க இரண்டு அறைகள் கட்டியவர், ஏரியில் விட ஒரு சின்னத் துடுப்புப் படகும் வாங்கினார். முதன்முதலாக அதில் போனவர்கள் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதி. நடு ஏரியில் நங்கூரத்தை இறக்கிவிட்டு மீன் பிடிக்க உட்கார்ந்தார்கள். காற்று கிளம்பியது. மூடுபனியில் படகு நகர்வது அவர்களுக்குத் தெரியவே இல்லை. ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கலிங்குக் கல்லில் போய்ப் படகு மோதியது. அந்தப் பெண் கை முறிந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"அவ புருசன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். 'உங்களை நம்பித்தானே ஏறினோம்'னு. எங்கப்பன் காலத்துல இருந்து எங்க ஊட்டுக்கு வந்தவங்க யாரும் அழுதுட்டுப் போனதில்லீங்க." அவர் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "கயிறு நூறு அடிச் சுருளா வாங்கினதுங்க. மோதின படகுல இந்தத் துண்டு மட்டுந்தான் இருந்துது. கத்தியில வெட்டியிருக்குது. ஏரித் தண்ணி எங்க மொளகுக்கு வேணும், படகு விட்டா சும்மா இருக்கமாட்டேன்னு சந்தையில நாலு பேரு முன்னால சொன்னவன் காளியண்ணன்."

"கேட்டீங்களா அவர்கிட்ட?"

"அவங்கிட்ட என்னத்தைக் கேக்கறது?"

விஷ்ணு நங்கூரத்தைத் தூக்கிப் பார்த்தார். மண்வெட்டித் தகடு போல இரண்டு அகலத் தகடுகள், நடுவே ஒரு தண்டு. "மேடம், நங்கூரமே தப்பா இருக்கலாமே? யூடியூப்ல நாலு கொக்கி வெச்சதுதான் காட்டறான்."

"இதைத் தேர்ந்தெடுத்தது யாருங்க?" என்று அமலோற்பவம் கேட்டார்.

"தாலுகா ஆபீஸ்ல சூசைமாணிக்கம்னு ஒருத்தருங்க. கடற்கரை ஊர்க்காரரு. நாமக்கல் கடையில நின்னுட்டு அவருக்குத்தான் போன் போட்டேன். எந்த நங்கூரம், எவ்வளவு கயிறு, எல்லாம் அவரு சொன்னதுதான். சொன்னதை ஒரு எழுத்துக் கொறையாம எங்க ஆளு சின்னுசாமிகிட்டச் சொல்லிப்போட்டேன்."

அமலோற்பவம் தகடுகளை விரலால் தடவினார். தகடு தண்டோடு சேரும் இடுக்கைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கயிற்றின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நங்கூரத்தில் கட்டிய முனை, படகில் கட்டியிருந்த முனை, இரண்டுமே கறுத்து, உருகிக் கெட்டிப்பட்டிருந்தன.

"போய்ப் பார்ப்போம். சூசைமாணிக்கத்தையும் வரச் சொல்லுங்க, விஷ்ணு. அப்படியே தம்பியையும்."

அர்த்தனாரி வாய் திறக்கப் போனார். அந்த அம்மாள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டிருந்தார்.

* * *

அர்த்தனாரியின் வீட்டை நெருங்கியதுமே விஷ்ணு துப்புகளைத் தேடத் தொடங்கிவிட்டார். கேட்டை இழுத்துக் கட்டியிருந்தது ஒரு நீலக் கயிறு. கன்றுக்குட்டியின் கழுத்தில் ஒன்று. மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளைச் சுற்றி இன்னொன்று. "உங்க ஊர்க் கடையில வேற நிறமே கிடைக்காதுங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அமலோற்பவம் மட்டும் கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பது போல அதன் கயிற்று முனையைத் திருப்பிப் பார்த்தார்.

ஏரிக்கரையில் சின்னுசாமி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அர்த்தனாரியின் தோட்டத்தில் எல்லா வேலையும் பார்ப்பவர்.

"அவங்க நங்கூரம் போட்ட இடத்துல எவ்வளவு ஆழம்?" என்று அமலோற்பவம் கேட்டார்.

"ரெண்டாளு மூழ்குமுங்க. அடியில எல்லாஞ் சேறு."

"விஷ்ணு, கயித்து முனையைப் பிடிச்சுக் கையை மேல தூக்குங்க."

விஷ்ணு தூக்கினார். நங்கூரம் அவர் செருப்பின் மேல் உட்கார்ந்தது; கயிறு இன்னும் ஒரு முழம் மிஞ்சியது.

"ஒண்ணரை ஆள்" என்றார் அமலோற்பவம். "முடிச்சுக்குப் போனது போக அவ்வளவுதான்."

அப்போது சூசைமாணிக்கம் வந்து சேர்ந்தார். படகின் உடைந்த முகப்பைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "நான் சொன்னது தப்பாயிட்டோ, மேடம்? பாறைன்னா கொக்கி வெச்சது மாட்டும். சேறுன்னா தகடுதான் உள்ள இறங்கிப் பிடிக்கும். அண்ணாச்சி சேறுன்னு சொன்னாவ, அதான் தகடு சொன்னேன்."

"கயிறு?"

"நங்கூரத்தைவிடக் கயிறுதான் முக்கியம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கயிறு நீளமா சாய்ஞ்சு கிடந்தாத்தான் தகடு படுத்து மண்ணைக் கவ்வும். ரெண்டாள் ஆழத்துக்குப் பத்து பாகம் வேணும்னு சொன்னேன்." அப்படிச் சொல்லும்போது அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே தோளுக்கு நேராக விரிந்தன.

அமலோற்பவம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அர்த்தனாரியைப் பார்த்தார். கரை மேட்டில் ஜீப் வந்து நின்றது. காளியண்ணன் இறங்கி, அண்ணனிடமிருந்து எட்டியே நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார் அமலோற்பவம். "இந்த நங்கூரம் தரையைத் தொடவே இல்லை. தொட்டிருந்தா இந்த இடுக்குல சேறு அப்பியிருக்கும்."

"மழை கழுவியிருக்கலாமே, மேடம்?" என்றார் விஷ்ணு.

"கழுவலாம். ஆனா தகட்டோட கூர்ல பெயின்ட் ஒரு கீறல் இல்லாம இருக்கு பாருங்க. ரெண்டாள் ஆழத்துத் தண்ணியில ஒண்ணரை ஆள் கயிறு. நங்கூரம் தண்ணிக்குள்ள தொங்கிச்சு. கயிறு விறைப்பா நின்னதும் அந்தப் பிள்ளைங்க, பிடிச்சுக்கிச்சுன்னு நம்பிட்டாங்க."

"அதைத்தானுங்க நானுஞ் சொல்றேன்" என்றார் அர்த்தனாரி. "தொடக்கூடாதுன்னுதான் இவன் வெட்டியிருக்கறான்."

காளியண்ணன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெடுக்க வந்தவன் ஒரு வெட்டு வெட்டுவான்" என்றார் அமலோற்பவம். "அப்போ ஒரு முனைதான் புதுசா இருக்கும். இன்னொண்ணு கடையில வந்த முனையா இருக்கும். இதுல ரெண்டு முனையும் வெட்டினது. ரெண்டையும் நெருப்புல காட்டி, பிரியாம உருக்கிவிட்டிருக்கு. படகைக் கவிழ்க்க வந்தவன் நின்னு முனை பார்த்துக்கிட்டிருப்பானா? கன்னுக்குட்டி கழுத்துல இருக்கற கயிறும் அப்படித்தான் உருகியிருக்கு. மீதியைத் திருடிட்டுப் போகலை. அது இந்த வீட்டைச் சுத்தித்தான் கிடக்கு." அவர் குரலை உயர்த்தாமல் திரும்பினார். "சின்னுசாமி, கயித்தை எத்தனை துண்டு போட்டீங்க?"

சின்னுசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பத்துங்க."

"ஏன்?"

பதில் சொன்னவர் அர்த்தனாரி, ஆனால் அந்தக் குரல் அவருடையது போல இல்லை. "பத்து பாகம். நாந்தான் சொன்னேன்."

"என்ன அண்ணாச்சி இது?" சூசைமாணிக்கம் கைகளை மறுபடி விரித்தார். "பாகம்னா இந்தா, இந்தக் கை நுனியில இருந்து அந்தக் கை நுனி வரைக்கும். எங்க பக்கம் கயிறு, ஆழம் எல்லாத்துக்கும் அதுதான் கணக்கு. பத்து பாகம்னா அறுபது அடி."

"உங்க கை போன்ல தெரியாதே" என்றார் அமலோற்பவம். "இந்த மலையில பாகம்னா பங்கு. பங்குன்னா வெட்டிப் பிரிக்கறது."

சின்னுசாமி மெல்லச் சொன்னார். "எனக்கும் வெளங்கலீங்க. 'பத்து பாகமாங்க'ன்னு திருப்பிக் கேட்டேன். 'சொன்னதைச் செய்யி'ன்னாருங்க. பத்துத் தடவை அறுந்தாலும் மாத்திக் கட்டிக்கலாம்னு பெரியவரு முன்யோசனையாச் சொல்றாருன்னு நெனச்சுப்போட்டேன்."

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமே. ஏன் சொல்லலை?" என்று அமலோற்பவம் கேட்டார்.

"நான் வெட்டினேன்னு சொன்னா, யாரு சொல்லி வெட்டினேன்னு அடுத்துக் கேப்பாங்கல்லீங்க."

அர்த்தனாரி பாகம் என்ற சொல்லைப் போனில் கேட்ட கணத்தை நினைத்துப் பார்த்தார். அது என்ன அளவு என்று அவருக்கும் புரியவில்லை. கேட்டிருக்கலாம். கடைக்காரன் எதிரில் நின்றுகொண்டிருந்தான். தெரியாது என்று அவன் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. குடும்பப் பெயரைத் தாம் ஒருவரே தாங்கி நிற்பதாக எண்ணியிருந்தார். இத்தனை நாளும் அதைத் தன் வாயை மூடித் தாங்கியவர் சின்னுசாமி. பழியைச் சுமந்தவன் தம்பி. முறிந்தது முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கை.

"நான் கத்தினது நெசந்தானுங்க, அண்ணா" என்றார் காளியண்ணன். "தண்ணிக்காகக் கத்தினேன். இன்னமுங் கத்துவேன். அதுக்காக ஆளு ஏறுற படகுல கை வெப்பனா? சந்தையில எல்லாரும் எம் மூஞ்சியைப் பாக்கறாங்க. என் பொண்ணு கவிதாவைப் பள்ளிக்கூடத்துலயே கேக்கறாங்க. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?"

விஷ்ணு, ஆர்வம் எல்லாம் வடிந்து, கையில் பிடித்திருந்த கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அமலோற்பவம் அவர் முழங்கையைத் தொட்டுச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். மற்றவர்கள் பார்க்கத் தேவையில்லாத ஒன்று அங்கே நடக்கப்போவதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

அர்த்தனாரி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். முதுகு வளையவில்லை. ஆனால் நடந்து தம்பியருகே போனவர் அவர்தான்.

"சந்தை அன்னைக்கு நாலு பேரு முன்னால நானே சொல்லிப்போடறேன், வெட்டச் சொன்னது நாந்தான்னு. அந்தப் பொண்ணோட வைத்தியச் செலவும் நம்மளது." அடுத்த வார்த்தைகளுக்கு அவர் நாக்குப் பழகியிருக்கவில்லை. "ஆஸ்பத்திரியில போயி என்னன்னு பேசறது, காளியண்ணா? எனக்குத் தெரியலை. நீ சொல்லு."

காளியண்ணன் ஜீப் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"நடந்ததை அப்படியே சொல்லுங்க. போதும்" என்றார் கடைசியில். "உங்க மேல கோவம் தீரலீங்க, இப்பவே சொல்லிப்போடறேன். கொண்டை ஊசி வளைவுல உங்களுக்குத் தலை சுத்தும், முன்னால உக்காருங்க. சின்னுசாமியண்ணா, நீங்களும் ஏறுங்க."