மண் இல்லாத வீடு

குக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. ஆனாலும் ஆவி கசிவதுபோல ஒரு சீழ்க்கை, விட்டுவிட்டு, மத்தியானத்திலிருந்து வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

சண்முகசுந்தரி அடுக்களையில் நின்று காது கொடுத்தாள். ஐப்பசிப் புழுக்கம். சன்னல் இடுக்குகளையெல்லாம் பழைய தினத்தாளைக் கிழித்துப் பசை தடவி அடைத்திருந்ததால், தெருவில் போகும் சைக்கிள் மணியும் பின்வீட்டு விசைத்தறியின் தடதடப்பும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிக் கேட்டன. சீழ்க்கை மட்டும் தெளிவாக, ஈரமாக, மிகப் பக்கத்தில் கேட்டது. அதன் பின்னாலேயே போனாள். பூ வைக்காத சாமி படங்களைத் தாண்டி, டெட்டால் வாடையைத் தாண்டி, நடு அறைக்கு வந்தாள்.

தம்பி சங்கரநயினார் மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தம் அவன் நெஞ்சிலிருந்து வந்தது.

"ஏலே, முழிச்சிருக்கியா?"

"தூங்கவிட்டாத்தானே. உள்ள எவனோ விசில் அடிக்கான்."

"எவன் அடிப்பான்?"

"ஒன் ஆளுதான். ஒன் எலும்புலேருந்துதானே எடுத்து ஊத்துனாங்க. எங்கிட்ட விசிலடிச்சான் பேர்வழி எவனும் கெடையாது." சிரிக்கப் பார்த்தான். அது பாதியில் இருமலாகிவிட்டது.

அவனுக்கு பிளட் கேன்சர். வைகாசியில் வேலூரில் அவள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி அவனுக்கு ஏற்றினார்கள். நோய் அடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த உடம்புக்கு இப்போது எதையும் எதிர்க்கத் தெரியாது. தூசியும் மண்ணும் கிட்டே வரக்கூடாது. மண்ணில் இருக்கும் பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத அளவு நுரையீரலுக்குள் போனாலும் அங்கேயே முளைத்துவிடும்.

அவளும் அம்மா காந்திமதியம்மாளும் வீட்டை அப்படித்தான் காத்தார்கள். மாட்டை விற்றார்கள். துளசிமாடத்தை இடித்தார்கள். சாமிக்குப் பூக்கூடப் போடவில்லை. இன்று காலை போஸ்ட் ஆபீசிலிருந்து டிரங்க் கால் போட்டு, தம்பிக்கு மூச்சு இழுக்கிறது என்று அவள் சொன்னபோது, டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

"வீட்டுல மண்ணு ஏதும் புழங்குதாம்மா?"

"துளிகூடக் கெடையாது சார்."

அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்றைக்கே கூட்டி வாருங்கள், தாமதித்தால் தன் கையில் எதுவும் இல்லை என்றார் டாக்டர். வாசுதேவநல்லூர்ச் சித்தப்பா கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். இன்னும் வரவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கிளம்பும்போதே இவள் தடுத்துப் பார்த்தாள்.

"கார் வார நேரத்துல எங்கம்மா போற?"

"எதுக்குட்டி பதறுத? இந்தா வந்துருதேன். ஊருக்குப் போற புள்ளைக்கு அம்பாள் பிரசாதம் வேண்டாமா?"

சட்டை மாற்றிவிடலாம் என்று அவன் பித்தான்களைக் கழற்றினாள். நெஞ்சு முழுவதும் காய்ந்து வெடித்த பூச்சு. காலையில் அம்மா பூசியது. தினமும் காலையில் பூசுவது. அம்மா பூசுவாள், அவன் நாக்கை நீட்டச் சொல்லி ஒரு சிட்டிகை வைப்பது சண்முகசுந்தரி.

அம்பாள் கோயில் புற்றுமண்.

இந்த ஊரில் தேமலுக்கும் தேள்கடிக்கும் கன்றுக்குட்டியின் கழிச்சலுக்கும் அதுதான். அவள் பால்குடி மறக்குமுன்பே அதைத் தின்றவள். அது பிரசாதம். அதை யார் மண் என்று நினைப்பார்கள்?

ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள்.

"மெதுவாக்கா. தோலு உரியுது."

"ஒண்ணுமில்லலே. அழுக்கு."

"அம்பாளையா அழுக்குன்னு சொல்லுத? அம்மா கேட்டா ஒன்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா."

நெஞ்சைத் துடைத்துவிட்டாள். உள்ளே போனதை எப்படித் துடைப்பது?

மேற்கே இடி உருண்டது. ஓட்டின்மேல் முதல் துளிகள் விழுந்தன. நனைந்த மண்ணின் மணம் எழுந்தது. நல்ல மணம். கனத்த மணம். ஆழத்தில் தோண்டிய இடத்தில் வருமே, அது. தெருவிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள். ஒட்டிய தாள் ஒட்டியபடியே இருந்தது.

குனிந்தாள். மணம் கூடியது. அவன் மூச்சை விடும்போது கூடியது.

அவன் மார்பில் காதை வைத்தாள். சீழ்க்கைக்கு அடியில் வேறொரு ஓசை இருந்தது. மிகச் சிறியது. மணலும் மணலும் உரசுவதுபோல. ஒன்றல்ல. நூற்றுக்கணக்கில், ஓயாமல், பொறுமையாக, எதையோ பொடிப்பொடியாகச் சுமந்து சுமந்து ஓரிடத்தில் சேர்ப்பதுபோல.

சட்டென்று எல்லாம் நின்றது.

"யக்கா," என்றான். முகம் தெளிந்திருந்தது. "அடைப்பு விட்டுட்டு."

"நெசமாவா?"

"ஆமா. உள்ள காலியாயிட்டு. இருட்டா இருக்கே, லைட்டப் போடு."

டியூப்லைட் இரண்டு முறை கண்சிமிட்டி எரிந்தது. அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

தலையணையில் ஒரு ஈசல்.

சிறகு நனைந்து, ஒட்டிக் கிடந்தது. மழைக்கு வருவதுதான். எங்கிருந்து? சன்னல்கள் அடைத்தபடி. கதவு சாத்தியபடி. கதவிடுக்கில் அவளே திணித்த துணி, திணித்தபடி.

இன்னொன்று. அவன் மோவாயில்.

"ஏலே... ஏலே, இங்க பாரு."

அவன் பார்க்கவில்லை. கண்கள் விளக்கில் நிலைத்திருந்தன. வாய் திறந்தது. இன்னும் திறந்தது. கீழுதட்டின் விளிம்பில் ஏறி ஒன்று நின்றது. சிறகை உலர்த்தியது. பறந்தது. அதன் பின்னால் ஒன்று. பின்னால் வரிசை.

வாசலில் கார் ஹாரன். கதவு தட்டும் சத்தம். அம்மாவின் குரல்.

"சுந்தரி! கதவத் தொறட்டி! மண்ணு நனையுது!"

அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. உள்ளங்கையை விரித்து அவன் வாயைப் பொத்தினாள். மூச்சு படவில்லை. உள்ளேயிருந்து, நிதானமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஈரச் சிறகுகள் அவள் விரலிடுக்குகளைத் தேடின.