வெட்டாத பக்கங்கள்

"ஐயோ, கால் வழுக்குது... வழி விடுங்க!"

ஐப்பசி மழையோடு மழையாக உள்ளே ஓடி வந்தவளை மேசையருகே நின்ற பரந்தாமன் திகைத்துப் பார்த்தான். தலைமுதல் கால்வரை தொப்பலாக நனைந்திருந்தாள். மார்போடு அணைத்திருந்த பொட்டலம் மட்டும் துண்டால் மூன்று சுற்றுச் சுற்றிப் பத்திரமாக இருந்தது. பிரித்தாள். கவிதைப் புத்தகம்! ஒரு சொட்டு ஈரம் படவில்லை. அதன் பிறகுதான் நிமிர்ந்தாள்... இமையில் மழைத்துளி நிற்க, அந்தப் பெரிய கண்கள் ஒரு கணம் சிரித்தன. போச்சு! திருத்தணி வாசகசாலைக்கு வேலைக்கு வந்த எட்டாம் நாளே பரந்தாமன் நெஞ்சைத் தொலைத்துவிட்டான்.

"பச்சையப்பன் மாமா இல்லீங்களா சார்?"

"அவரு வேலையை விட்டுட்டாருங்க. இனிமே நான்தான். நீங்க?"

"வரலட்சுமி. மலையடிவாரத்துல ஜவுளிக்கடை வச்சிகினு இருக்காரே துளசிங்கம், அவரு பொண்ணு."

கவிதை படிக்கும் பெண்! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. வாசகசாலையில் தெலுங்குக்கு இரண்டு அலமாரி, தமிழுக்கு இரண்டு. தமிழில் ஒன்று முழுக்கக் கவிதை. 'ஈ காக்கை தொடுறதில்லை. பௌர்ணமியன்னிக்கு மூட்டை கட்டிப் பட்டணத்துக்கு அனுப்பிட்டுத் துப்பறியும் நாவல் வாங்கிடலாம்' என்று காரியதரிசி வரதராஜன் சொல்லியிருந்தார். கவிதைக்காக உயிரை விடுகிற பரந்தாமன், ஒரே ஒரு வாசகரையாவது காட்டுகிறேன் என்று கெஞ்சி வைத்திருந்தான். இதோ வந்துவிட்டாளே!

ஆசையாகப் புத்தகத்தைத் திறந்தவன் முகம் சுருங்கியது.

அந்தக் காலத்தில் பல புத்தகங்கள் அச்சகத்திலிருந்து ஓரம் மடிந்தபடியே வரும். படிக்கிறவர்தான் கத்தியால் மடிப்பை வெட்டிப் பக்கங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை.

"ஏங்க, இதை அட்டை பாக்கறதுக்கா எடுத்துகினு போனீங்க?"

"என்னது?"

"ஒரு பக்கங்கூடப் பிரிக்கலையே! சும்மா பெருமைக்குக் கையில வச்சிகினு திரியறதுக்கு வாசகசாலைதான் கிடைச்சுதா?"

சிரித்த கண்கள் சட்டென்று நிறைந்தன.

"பெருமைக்கா? நானா? நல்லா சொன்னீங்க சார்! இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என் பேரு வரலட்சுமி இல்ல!"

துண்டைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

பரந்தாமன் எரிச்சலோடு புத்தகத்தை மூடப் போனான். மடிப்பு ஒன்றின் ஓரத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. விரலால் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான். தறியிலிருந்து எடுத்த இழை! ஒரு கவிதையின் பக்கத்தில் அடையாளமாகக் கிடந்தது. அடுத்த மடிப்பிலும் ஒன்று... அதற்கடுத்ததிலும்! மழைக்கு ஒதுங்கிய இருவர், மழை நிற்கவே வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிற கவிதை ஒன்று அதில் உண்டு. அவனுக்கு மிகவும் பிடித்தது. அங்கே மட்டும் மூன்று இழைகள்.

அட முட்டாளே... அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாளடா!

மறுநாள் ஜவுளிக்கடையில் போய் நின்றான். துளசிங்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரு... துண்டு வேணுங்க."

எடுத்துப் போட வந்தவள் வரலட்சுமி. அவள் நைனா துளசிங்கம் வேறு ஆளிடம் திரும்பியதும் அவன் கிசுகிசுத்தான்.

"மன்னிச்சிடுங்க. படிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சிபோச்சி. ஏங்க வெட்டலை?"

"அடுத்தவங்க தறியில பூட்டின பாவு நூல்ல கத்தி வைக்கக் கூடாதுன்னு தறிவூட்ல சொல்லி வளர்த்தாங்க. அது ஊர்ப் புஸ்தகம். எப்படிங்க வெட்றது? எட்டி எட்டிப் பாத்தே படிச்சேன். கழுத்து வலிதான் மிச்சம்!"

"வெட்டறதுக்குத்தாங்க அப்படி வருது! நாளன்னிக்குப் பௌர்ணமி. நீங்க வரலைன்னா கவிதை அலமாரியே போயிடும்..."

"நான்தான் பெருமைக்காரியாச்சே! துண்டு போதுமா, வேட்டி வேணுமா?"

அடுத்த நாளும் போய் ஒரு துண்டு வாங்கினான். பௌர்ணமியன்று காலையிலும் ஒன்று வாங்கினான். அவள் முகம் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வரதராஜன் சாக்குப் பையோடு வந்து அலமாரியைத் திறந்தார். "எங்கப்பா உன் வாசகர்?"

"இங்க இருக்கேங்க!"

வாசலில் வரலட்சுமி. மூச்சு வாங்கியது. மழைக் கவிதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஒரு சொல் தடுக்காமல் சொன்னாள். அது முடிந்ததும் இன்னொன்று... பிறகு இன்னொன்று. ஐந்தாவது கவிதையில் வரதராஜன் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா இருக்குது. அலமாரி இங்கயே இருக்கட்டும். அந்த மழைக் கவிதைப் புஸ்தகத்தை வெட்டி வையி, நாளைக்கு என் பேருல எழுதிக் குடுப்பா."

அவர் போனதும் பரந்தாமன் அந்தப் புத்தகத்தோடு ஒரு மூங்கில் கத்தியையும் நீட்டினான். பயந்து பயந்து முதல் மடிப்பை வெட்டினாள். சர்ர்ரென்று பக்கம் விரிந்தது. அவள் முகமும்தான்! அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே போனவள், கடைசி மடிப்பில் நிறுத்தி, முந்தானையிலிருந்து எதையோ அதில் செருகிவிட்டு, புத்தகத்தை அவன் பக்கம் தள்ளிக் கத்தியையும் அவன் கையில் கொடுத்தாள்.

"வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்களே?"

"அலமாரிக்காகத்தான் வந்தேன்." உதட்டைக் கடித்தாள். "பாதி..."

இனி அவனால் அடக்க முடியவில்லை.

"வரலட்சுமி... எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க நைனாகிட்ட வந்து கேக்கட்டுமா?"

"நைனா மத்தியானமே என்னைக் கேட்டுட்டாரு. 'மூணு நாள்ல மூணு துண்டு வாங்கறானே, அந்தப் பையனுக்குத் தலை துவட்டறதுதான் வேலையா, இல்ல உன்மேல ஆசையா'ன்னு!"

"ஐயையோ... நீ என்ன சொன்ன?"

அவள் அந்தக் கடைசி மடிப்பைக் காட்டினாள். அவனுக்கு ஏது பொறுமை? விரலால் மடிப்பைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். சிவப்பு இழை சுற்றிய சின்னச் சீட்டு. உருண்டை உருண்டையான எழுத்து.

'ஆசைதான் நைனா. எனக்கும்.'

வரலட்சுமிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவனை அவர்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ, அப்படியே கூப்பிட்டாள்.

"கையிலதான் கத்தி இருக்குதே பாவா... ஏன் எட்டிப் பாத்துகினு இருக்கீங்க?"