பூவளையத்துக்குள் ஒரு முகம்

கல்பனா பொத்தானைத் தொடவேயில்லை. ஆயினும் பெட்டியின் தட்டு முனகிக்கொண்டே வெளியே வந்து நின்றது. சற்றுமுன் அவள் வைத்த, தன் கல்யாண வீடியோ வட்டுதான் அதில் இருந்தது. ஆனால், அதன்மேல் நீர் முத்துமுத்தாக நின்றது. விரலால் தொட்டு முகர்ந்தாள். கிணற்றுப் பாசியின் வாடை.

பழைய விசிடியும் புதிய ப்ளூ-ரேயும் ஒரே தட்டில் ஓடும் பெட்டி அது. அந்த வீட்டுக்கு அப்படியொன்றுதான் தேவைப்பட்டது. வேதகிரியின் முதல் கல்யாணம் விசிடியிலும், கல்பனாவை மணந்த இரண்டாம் கல்யாணம் ப்ளூ-ரேயிலும் இருந்தன. மாமியார் கோவிந்தம்மாள், மறைந்த தன் கணவரைப் பார்ப்பதற்காகவே அந்தப் பழைய விசிடியைப் போடுவாள். மணப்பெண் தேவகி வரும் இடங்களை மட்டும் வேகமாக ஓட்டிவிடுவாள்.

தேவகிக்குப் பிள்ளையில்லை. கோவிந்தம்மாள் பேசிப் பேசியே அவளை வயற்கிணற்றுக்கு அனுப்பினாள் என்பது உத்திரமேரூர் முழுவதும் அறிந்த செய்தி. தாலியோடு செத்தவளைக் கிணற்றடிக்குச் சென்று அழைத்துவந்து, புதுப்புடவையும் பூவும் வைத்துப் பூவாடைக்காரி என்னும் வீட்டுத் தெய்வமாகப் படைத்த பிறகே வீட்டில் அடுத்த கல்யாணம் நடக்கவேண்டும். அம்மா அதைச் சொன்னபோது வேதகிரி சிரித்தான்.

“கெணத்தாண்ட போயி கூப்ட்டுக்கினு வர்றதுக்கு அவ இன்னா கலெக்டரா? வீடியோக்காரன்கிட்ட சொன்னா, அவளே வந்து ஆசீர்வாதம் பண்ற மாரி போட்டுக் குடுத்துடுவான். பேஜார் பண்ணாத வுடும்மா.”

வீடியோக்காரர் அப்படியே செய்து கொடுத்தார். தாலி கட்டும் காட்சியின் மூலையில் ஒரு பூவளையம். அதற்குள், பழைய விசிடியிலிருந்து வெட்டியெடுத்த, கட்டம் கட்டமாகச் சிதைந்த தேவகியின் முகம். பிறந்த வீட்டைப் பிரியும்போது கண்ணைத் துடைக்க அவள் தூக்கிய கையைத்தான் வாழ்த்தும் கையாக ஒட்டியிருந்தார். மேலிருந்து ரோஜாக்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருந்தன.

கல்பனா வட்டை முந்தானையால் துடைத்து மீண்டும் வைத்தாள். வெளியே ஐப்பசி மழை ஓட்டின்மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து ஈர விறகின் புகையும் அதனோடு மாமியாரின் குரலும் வந்தன.

“வெளக்கு வைக்கிற நேரத்துல பொட்டி முன்னால இன்னாத்துக்குடி குந்திக்கினு கீற? உன் கண்ணு எக்கேடு கெட்டாலும் கெடட்டும். உள்ள கீற என் பேரனுக்கு ஆவாது.”

“அணைச்சிடறேன் அத்தை.”

அணைக்கவில்லை. திரையில் வேதகிரி தாலியை எடுத்தான், மேளம் உயர்ந்தது, மூலையில் பூவளையம் மலர்ந்தது. அதற்குள் எவரும் இல்லை. ரோஜாக்கள் வெற்றிடத்தின்மேல் உதிர்ந்தன.

பழுதாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பழைய விசிடியை எடுத்துப் போட்டாள். மீசை அரும்பிய வேதகிரி மணையில் குனிந்து, பக்கத்திலிருந்த காற்றுக்குத் தாலி கட்டினான். மணப்பெண்ணின் இடம் காலியாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்த முகத்தோடு அட்சதை தூவினார்கள்.

மறுபடியும் புதிய வட்டு. படம் பளிங்குபோல் தெளிவாக வந்தது. புடவையின் சரிகை இழைகூடத் தெரிந்தது. பின்வரிசைப் பெண்களுக்கு நடுவே ஓர் உருவம் மட்டும் தெளியவில்லை. கட்டம் கட்டமாக நின்றது. கட்டம் கட்டமாக நகர்ந்தது. மணையில் இருந்த கல்பனாவின் பின்னால் வந்து, தோளில் கையை வைத்தது.

பாயில் இருந்த கல்பனாவின் தோள் நனைந்தது.

கை கீழே இறங்கியது. வயிற்றில் நின்றது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கியது.

அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். பெட்டியின் விளக்கு அணைந்தது. படம் அணையவில்லை.

அத்தை என்று கூப்பிட்டாள். வாய் திறந்தது. குரல் இல்லை.

வயிற்றைத் தடவினாள். ஒட்டியிருந்தது. விரல்களைப் பார்த்தாள். நுனி கட்டமாக உடைந்தது. பிறகு உள்ளங்கை. பிறகு முழங்கை.

முகத்தின்மேல் ஒரு ரோஜா விழுந்தது. மணமில்லை. இன்னொன்று.

உதிரும் பூக்களின் இடுக்கில், அவளுக்கு அவள் வீட்டுக் கூடம் தெரிந்தது. அவளுடைய பாயில், அவளுடைய புடவையில், நிறைந்த வயிற்றோடு ஒருத்தி அமர்ந்திருந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டியது.

கோவிந்தம்மாள் பால் டம்ளரோடு வந்தாள். “இன்னாடி, தல இப்பிடி ஈரமா கீது? புள்ளைக்குச் சளி புடிச்சிக்கப் போவுது” என்று கடிந்தபடி, தன் முந்தானையால் துவட்டத் தொடங்கினாள்.

“உதைக்குது அத்தை. தொட்டுப் பாருங்க.”

தொட்டவளின் முகம் மலர்ந்தது. பிறகு அவள் திரையின் மூலையை நிமிர்ந்து பார்த்தாள்.

“மூதேவி, செத்தும் எப்பிடி முழிச்சிக்கினு கீறா பாரு” என்று சொல்லி, படத்தை வேகமாக ஓட்டினாள்.

ரோஜாக்கள் மழையாக இறங்கின. பூவளையத்துக்குள் கல்பனா, தூக்கியிருந்த கையை இறக்கப் பார்த்தாள். அது இறங்கவில்லை. பாயில் இருந்தவளை அது வாழ்த்திக்கொண்டே இருந்தது.